கைதான நாவல்: வசீலி கிராஸ்மனின் ‘வாழ்வும் விதியும்’ பறிபோனதும் பிழைத்ததும்

1961 பிப்ரவரி 14 அன்று மாஸ்கோவில் வசீலி கிராஸ்மன் என்ற எழுத்தாளரின் வீட்டுக்கு சோவியத் ரகசியக் காவல் அமைப்பான கேஜிபியின் அதிகாரிகள் வந்தார்கள். அவரைக் கைது செய்யவில்லை. அவர் பத்து வருஷத்துக்கு மேல் எழுதிய நாவலின் கிடைத்த எல்லாப் பிரதிகளையும் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நாவல் அச்சில் வர 19 வருஷம் ஆனது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தணிக்கை என்றதும் சிவப்பு மையால் வரி அடிக்கும் ஒரு அதிகாரிதான் நம் நினைவுக்கு வருகிறார். இந்த நிகழ்வில் அப்படி ஒருவர் கடைசி வரை தலைகாட்டவே இல்லை. பத்திரிகை ஆசிரியர்கள், சக எழுத்தாளர்கள், கட்சிச் செயலாளர், படிக்காமலே தீர்ப்புச் சொன்னவர் என்று பலர் சேர்ந்து செய்த வேலை இது. அதேபோல நாவலைக் காப்பாற்றியதும் நாலைந்து தனிமனிதர்கள் தனித்தனியே எடுத்த முடிவுகள்தான். அந்த முடிவுகளை வரிசையாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. பொதுவாழ்வில் இருந்தவர்களை மட்டும் பெயரோடு குறிப்பிடுகிறேன். பிரதியைக் காத்த நண்பர்கள், தட்டச்சு செய்தவர்கள், பத்திரிகைக் குழுவினர் ஆகியோரைப் பெயர் இல்லாமல், அவர்கள் செய்த காரியத்தை வைத்தே சொல்கிறேன்.

பின்னணி

கிராஸ்மன் 1905ல் உக்ரைனின் பெர்தீச்சிவ் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது வேதியியல். போர் வந்ததும் ராணுவப் பத்திரிகையான ‘கிராஸ்னயா ஸ்வெஸ்தா’வின் நிருபராகி ஏறக்குறைய ஆயிரம் நாள் போர்முனையில் இருந்தார். ஸ்டாலின்கிராட் சண்டையைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதினார். பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்கள் அவர் கட்டுரைகளைக் கைமாற்றிப் படித்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், அவர் அரசுக்கு வெளியே நின்ற கலகக்காரர் இல்லை. அந்த நாட்டின் வெற்றியை எழுதியவர்.

1941 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் பெர்தீச்சிவ் யூதர்களை ஆயிரக்கணக்கில் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். அதில் அவருடைய தாயும் ஒருவர். போர் தொடங்கியபோது அம்மாவை மாஸ்கோவுக்கு அழைத்து வந்திருக்கலாம், வரவில்லை என்ற எண்ணம் சாகும்வரை அவரை விடவில்லை. 1944ல் செம்படையோடு போலந்துக்குள் போனபோது திரெப்லின்கா வதைமுகாம் இருந்த இடத்தைப் பார்த்தார். பிழைத்தவர்களிடமும் பக்கத்து ஊர்க்காரர்களிடமும் பேசி அவர் எழுதிய நீண்ட கட்டுரை அதே வருஷம் ‘ஸ்னாமியா’ பத்திரிகையில் வந்தது. பிறகு நியூரம்பெர்க் விசாரணையிலும் பயன்பட்டது. ‘ஸ்னாமியா’ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது மறுபடியும் வரும்.

போர் முடிந்ததும் காற்று மாறியது. சோவியத் மண்ணில் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றி எழுத்தாளர் இலியா எரன்பர்க்கும் கிராஸ்மனும் சேர்ந்து தொகுத்த ‘கருப்புப் புத்தகம்’ அச்சுக் கோர்ப்பு வரை போய் நின்றது. 1948ல் கோர்த்த அச்சையே கலைத்துவிட்டார்கள். கொல்லப்பட்ட எல்லாரும் சோவியத் குடிமக்கள், அதில் யூதர்களைத் தனியாகப் பிரித்துப் பேசக் கூடாது என்பது மேலிடத்தின் நிலை.

முதல் நாவலில் கற்றது

ஸ்டாலின்கிராட் பற்றிய முதல் நாவலை கிராஸ்மன் 1949ல் ‘நோவி மீர்’ பத்திரிகைக்குக் கொடுத்தார். அது அச்சில் வந்தது 1952ல். இடையில் நடந்ததுதான் சோவியத் தணிக்கையின் அன்றாட முகம்.

‘கிளாவ்லித்’ என்ற தணிக்கை அலுவலகம் 1922லிருந்து இருந்தது. அதன் அனுமதி இல்லாமல் எதுவும் அச்சேறாது. ஆனால் அங்கே போவதற்கு முன்பே ஒரு படைப்பு ஆசிரியர் குழு, எழுத்தாளர் சங்கம், கட்சியின் மத்தியக் குழு, ராணுவத் தளபதிகள் என்று பல கைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்வார்கள். ஸ்டாலினைப் பற்றி இன்னும் எழுது, சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டுவா, முக்கியப் பாத்திரமான இயற்பியலாளர் யூதராக இருக்கிறாரே, அவரை எடுத்துவிடு. அந்தப் பாத்திரத்தை எடுக்க கிராஸ்மன் மறுத்தார். கடைசியில் அவருக்கு மேலே ஒரு ரஷ்ய ஆசானைப் படைத்துச் சேர்த்தார். ‘ஸ்டாலின்கிராட்’ என்று வைத்திருந்த தலைப்பும் போய், ‘நியாயமான லட்சியத்துக்காக’ என்று ஆனது.

இந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. பிரதி எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது, தொலைபேசியில் யார் என்ன சொன்னார், எந்தக் கூட்டத்தில் யார் பின்வாங்கினார் என்பதையெல்லாம் ஒரு நாட்குறிப்பாக எழுதி வைத்தார். தணிக்கை எப்போதும் வாய்வார்த்தையில்தான் நடக்கும், கையெழுத்துப் போட யாரும் முன்வரமாட்டார்கள். அதனால் பாதிக்கப்பட்டவர் எழுதி வைத்தால்தான் உண்டு. இன்று அந்த நாவலின் கதை நமக்குத் தெரிவதற்குப் பெரிய காரணம் அந்த நாட்குறிப்பு.

நாவல் தொடராக வந்துகொண்டிருந்த 1952 ஆகஸ்டில், ‘கருப்புப் புத்தக’ வேலையை முன்னெடுத்த யூத பாசிச எதிர்ப்புக் குழுவைச் சேர்ந்த 13 பேர் மாஸ்கோவில் ரகசியமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இத்திஷ் மொழிக் கவிஞர்களும் இருந்தார்கள். 1953 பிப்ரவரியில் கட்சி நாளிதழான ‘பிராவ்தா’வில் கிராஸ்மனின் நாவலைக் கிழித்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் இன்னொரு நாவலாசிரியர். நாவலைப் பாராட்டி வெளியிட்டவர்களே ஒருவர் பின் ஒருவராக, ‘தவறு செய்துவிட்டோம்’ என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். யூத மருத்துவர்கள் மேல் சதிக் குற்றம் சாட்டிய அந்த நாட்களில், கிராஸ்மனும் பயந்து ஒரு கூட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு அதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை. ‘வாழ்வும் விதியும்’ நாவலில் இயற்பியலாளர் அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டுக் கூனிக் குறுகும் இடத்தை எழுத, அவர் வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 5ம் தேதி ஸ்டாலின் இறந்தார். அடுத்த வருஷமே அதே நாவல் புத்தகமாக வந்தது.

இரண்டாம் நாவலும் அதைக் கொடுத்த இடமும்

1956ல் ஸ்டாலினுக்குப் பின் தலைமைக்கு வந்த குருஷேவ், ஸ்டாலினின் குற்றங்களைக் கட்சி மாநாட்டின் மூடிய அமர்வில் பேசினார். முகாம்களிலிருந்து மனிதர்கள் திரும்பினார்கள். கிராஸ்மன் அந்த நம்பிக்கையில் இரண்டாம் பாகமான ‘வாழ்வும் விதியும்’ நாவலை எழுதி முடித்தார். தாய்க்குச் சமர்ப்பணம் செய்தார். நாவலில் ஒரு அம்மா, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்குள்ளிருந்து மகனுக்கு எழுதும் கடைசிக் கடிதம் ஒரு முழு அத்தியாயம். கிராஸ்மனுக்குத் தன் அம்மாவிடமிருந்து அப்படி ஒரு கடிதம் வரவில்லை. வராத கடிதத்தை அவரே எழுதினார்.

அதிகாரத்தைச் சுட்டது வேறு ஒரு இடம். ஜெர்மன் முகாமில் ஒரு நாஜி அதிகாரி, கைதியாக இருக்கும் பழைய போல்ஷெவிக்கை, அதாவது ரஷ்யக் கம்யூனிஸ்ட் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறான். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது கண்ணாடியைத்தான் பார்க்கிறோம் என்கிறான். போல்ஷெவிக்கால் அதை ஒரே அடியாக மறுக்க முடியவில்லை. குருஷேவ் காலத்தில் ஸ்டாலினைத் திட்டலாம். ஆனால் இரண்டு அரசுகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்று சொன்னால் ஸ்டாலினோடு நிற்காது, இருக்கும் எல்லாமே கேள்விக்குள்ளாகும்.

1960 இலையுதிர் காலத்தில் அவர் நாவலை ‘ஸ்னாமியா’வுக்குக் கொடுத்தார். இது இந்த நிகழ்வின் முதல் பெரிய முடிவு. 1953ல் கைவிட்ட ‘நோவி மீர்’ மேல் அவருக்குக் கோபம் இருந்தது. திரெப்லின்கா கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை இது. ஆனால் 1960ல் அதன் தலைமையில் இருந்தவர் கட்சி சொல்லைத் தட்டாதவர்.

கொடுப்பதற்கு முன் ஒரு கவிஞர் நண்பர் படித்துப் பார்த்தார். இது வெளிவர வாய்ப்பே இல்லை, கொடுத்தால் ஆபத்து என்று எச்சரித்தார். கிராஸ்மன் கேட்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். ஒரு தட்டச்சுப் பிரதியை அந்த நண்பரிடமே விட்டார். இன்னொரு பிரதியை மாணவப் பருவத்துத் தோழி ஒருவரிடம் கொடுத்தார். அவருக்கு இலக்கிய உலகத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. இந்த இரண்டு பிரதிகளைப் பற்றி மற்றவர்களிடம் வாய் திறக்கவில்லை.

டிசம்பரில் ‘ஸ்னாமியா’ ஆசிரியர் குழு கூடி, நாவல் சோவியத் எதிர்ப்பு நூல் என்று முடிவு செய்து நிராகரித்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு பத்திரிகைக்கு ஒரு படைப்பு வேண்டாம் என்றால், ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று திருப்பி அனுப்பிவிடலாம். சரி, இந்த நாவலைப் போட்டால் ஆசிரியர் குழுவுக்கே ஆபத்து என்பதும் உண்மை. அவர்களுக்கும் குடும்பம் இருந்தது, முந்தைய இருபது வருஷத்தின் நினைவு இருந்தது. ஆனால் ‘சோவியத் எதிர்ப்பு’ என்பது இலக்கிய விமர்சனச் சொல் இல்லை, அது குற்றவியல் சட்டத்தின் சொல். 1960ல் வந்த புதிய சட்டத்தின் 70ம் பிரிவு அதைத்தான் தண்டித்தது. அந்தச் சொல்லை ஒரு எழுத்தாளர்கள் கூட்டம் தானாகவே இன்னொரு எழுத்தாளர் மேல் போட்டது. அதற்கு மேல் காவல்துறை கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. என்னைக் கேட்டால், பறிமுதல் நடந்தது பிப்ரவரியில் இல்லை, இந்த டிசம்பர்க் கூட்டத்தில்தான்.

1961 பிப்ரவரி 14

வந்தவர்கள் தட்டச்சுப் பிரதிகள், கையெழுத்துப் பிரதிகள், கிறுக்கிய குறிப்புகள், வெட்டிப் போட்ட வரைவுகள் என்று எல்லாவற்றையும் எடுத்தார்கள். கார்பன் தாள்களை எடுத்தார்கள். தட்டச்சுப் பொறியின் ரிப்பனையும் கழற்றிக்கொண்டார்கள். பயன்படுத்திய ரிப்பனிலும் கார்பனிலும் எழுத்தின் தடம் இருக்கும், பொறுமை இருந்தால் படித்துவிடலாம். அந்த அளவுக்குத் திட்டமிட்டு வந்திருந்தார்கள்.

இந்த வருகையைப் பற்றி யாரிடமும் பேசமாட்டேன் என்று எழுதித்தரச் சொன்னார்கள். கிராஸ்மன் கையெழுத்துப் போட மறுத்தார். ஆனால் மற்றப் பிரதிகள் எங்கே என்று கேட்டபோது, அவர்களோடு கிளம்பிப் போய் உறவினர் வீட்டையும் தட்டச்சு செய்து கொடுத்த பெண்களின் வீட்டையும் காட்டினார். அங்கிருந்த பிரதிகளும் போயின. இரண்டு பத்திரிகை அலுவலகங்களில் இருந்தவற்றையும் எடுத்தார்கள். ‘நோவி மீர்’ பெட்டகத்தில் இருந்த பிரதியும் தப்பவில்லை.

அவர் ஏன் காட்டினார் என்பதைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: தட்டச்சு செய்தவர்களை எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள். மறைத்திருந்தால் அந்தப் பெண்கள் குற்றவாளிகள் ஆகியிருப்பார்கள். தெரிந்ததையெல்லாம் கொடுத்ததால், எல்லாம் கிடைத்துவிட்டது என்று அதிகாரிகளும் நம்பினார்கள். மற்ற இரண்டு பிரதிகளைத் தேடி யாரும் வரவில்லை. கிராஸ்மனுக்கு நெருக்கமானவர்களில் பெரும்பாலோரும் நாவல் முழுவதும் போய்விட்டதாகவே பல வருஷம் நினைத்திருந்தார்கள்.

நூலைப் பிடித்தார்கள், ஆளை விட்டார்கள்

1930களாக இருந்திருந்தால் அவரும் போயிருப்பார். 1961ல் ஏன் விட்டார்கள்? மூன்று வருஷத்துக்கு முந்தைய எழுத்தாளர் பாஸ்தர்நாக்கின் விவகாரம்தான் காரணம். அவருடைய நாவல் 1957ல் இத்தாலியில் வெளிவந்தது. மறுவருஷம் நோபல் பரிசு அறிவித்தார்கள். சோவியத் அரசு அவரை எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றி, பரிசையும் மறுக்க வைத்தது. உலகம் முழுக்க அவமானம் அரசுக்குத்தான் வந்தது. அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் கற்றது சுதந்திரம் தர வேண்டும் என்பதை இல்லை. ஆளைத் தொட்டால் செய்தி ஆகும், தாளை மட்டும் எடுத்தால் சத்தமே வராது என்பதைக் கற்றார்கள். வழக்கு இல்லை, நீதிமன்றம் இல்லை, மேல்முறையீடு செய்ய ஒரு உத்தரவு நகல்கூட இல்லை.

இது ஒரு இடைக்கால ஏற்பாடுதான். 1965ல் சின்யாவ்ஸ்கி, தானியேல் என்ற இரண்டு எழுத்தாளர்களைப் பிடித்து, வெளிநாட்டில் புனைபெயரில் வெளியான கதைகளுக்காக முறையே 7 வருஷம், 5 வருஷம் கடும் முகாம் தண்டனை கொடுத்தார்கள். கிராஸ்மன் வாழ்ந்த இடைவெளி குறுகியது, அந்த இடைவெளியில் அவருக்குக் கிடைத்தது இந்தச் சத்தமில்லாத தண்டனை.

கடிதமும் மூன்று மணி நேரப் பேச்சும்

1962 பிப்ரவரியில் கிராஸ்மன் நேராகக் குருஷேவுக்கு எழுதினார். என் வாழ்க்கையைக் கொடுத்த புத்தகம் சிறையில் இருக்கும்போது நான் மட்டும் வெளியே நடமாடுவதில் அர்த்தமும் இல்லை, உண்மையும் இல்லை என்றார். அந்த நாவலை நான்தான் எழுதினேன், அதை நான் கைவிடவில்லை, கைவிடப் போவதும் இல்லை, என் புத்தகத்துக்கு விடுதலை கேட்கிறேன் என்றார். அந்தக் காலத்தில் மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில் தவறை ஒப்புக்கொள்ளும் பத்தி ஒன்று கட்டாயம் இருக்கும். இதில் இல்லை. 1953ல் கூட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒன்பது வருஷம் கழித்துத் தனியாக எழுதிய கடிதம் இது.

ஜூலையில் கட்சியின் சித்தாந்தச் செயலாளர் மிகயீல் சூஸ்லவ் அவரை அழைத்துப் பேசினார். ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான் உங்கள் நாவலைப் படிக்கவில்லை, படித்தவர்கள் எழுதிய அறிக்கைகளைப் படித்தேன் என்று சூஸ்லவ் தயங்காமல் சொன்னார். எதிரிகள் நம்மேல் போடக் காத்திருக்கும் அணுகுண்டுகளோடு உங்கள் புத்தகத்தையும் நாம் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு இது வெளிவராது என்றும் அவர் சொன்னதாகக் கவிஞர் நண்பரின் நினைவுக் குறிப்பு சொல்கிறது. கிராஸ்மன் பேச்சு முடிந்து வந்ததும் நடந்ததை எழுதி வைத்தார். பழைய நாட்குறிப்புப் பழக்கம்.

அதே 1962 நவம்பரில், பெட்டகத்திலிருந்து கிராஸ்மனின் பிரதியைப் பறிகொடுத்த ‘நோவி மீர்’ பத்திரிகையே, குருஷேவின் நேரடி அனுமதியோடு ஸ்டாலின் கால முகாமைப் பற்றிய சோல்செனித்சினின் குறுநாவலை வெளியிட்டது. தணிக்கைக்கு நிலையான விதி எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முகாமைப் பற்றி எழுதலாமா என்ற கேள்விக்கு ஒரே வருஷத்தில் ஒருவருக்கு ‘ஆம்’, ஒருவருக்கு ‘இல்லை’. எழுத்தாளருக்கு எல்லை எங்கே என்று கடைசி வரை தெரியாது. தெரியாததால் அவரே தன் கையைக் கட்டிக்கொள்வார். அரசு எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கடைசி வருஷங்கள்

நாவலைத்தான் எடுத்தார்கள், அவருடைய பிழைப்புக்குத் தடை இல்லை என்று அன்று சிலர் சொன்னார்கள். நடந்தது வேறு. பழைய நூல்களின் மறுபதிப்புகள் நின்றன. சிலர் வீதியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பணத்துக்காக ஆர்மீனிய நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பைச் சீர்செய்யும் வேலையை ஏற்று, 1961 இறுதியில் ஆர்மீனியா போனார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய நூலையும் பத்திரிகை ஏற்றது. ஒரு நிபந்தனைதான்: ஒரு ஆர்மீனிய கிராமத்து மக்கள் யூதர்களின் துயரத்தைப் பற்றிப் பரிவோடு பேசிய பத்தியை எடுக்க வேண்டும். சில வரிகள்தான். எடுத்திருந்தால் பணமும் வந்திருக்கும், மறுபடி அச்சில் பெயரும் வந்திருக்கும். அவர் எடுக்க மறுத்தார். நூல் அவர் உயிரோடு இருக்கும்வரை வரவில்லை.

‘என்னை ஒரு சந்து மூலையில் வைத்துக் கழுத்தை நெரித்துவிட்டார்கள்’ என்று ஒரு நண்பரிடம் சொன்னார்.

நாவல் பறிபோன அதே வருஷம் செப்டம்பரில், தாய் கொல்லப்பட்டு 20 வருஷம் ஆனபோது, அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். நான் உயிரோடு இருக்கும்வரை நீயும் இருப்பாய், நான் செத்த பிறகு உனக்குச் சமர்ப்பித்த புத்தகத்தில் நீ இருப்பாய் என்று அதில் எழுதினார். புத்தகம் கேஜிபியின் அறையில் பூட்டிக் கிடந்தபோது எழுதிய வரி. இதைப் படித்த பிறகு, எழுத்தாளரைத் தொடாமல் விட்டார்கள் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

சாகும்வரை இன்னொரு குறுநாவலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதுவும் ரகசியமாகத்தான். 1964 செப்டம்பர் 14ம் தேதி புற்றுநோயால் இறந்தார். வயது 58.

பிரதிகள் வெளியே வந்த வழி

பத்து வருஷம் எதுவும் நடக்கவில்லை. கவிஞர் நண்பர் பிரதியை மறைத்து வைத்திருந்தார். 1974 இறுதியில்தான் அவர் எழுத்தாளர் விளாதிமிர் வொய்னோவிச்சிடம் விஷயத்தைச் சொன்னார். வொய்னோவிச் அந்த வருஷமே எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், அவர் இழக்க இனி அதிகம் இல்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்கள். அணு விஞ்ஞானி அந்திரேய் சகாரோவும் அவர் மனைவி எலேனா போன்னரும் படம் எடுப்பதில் உதவினார்கள். நுண்படச் சுருள்கள் வெளிநாட்டவர் கையில் எல்லை தாண்டின.

மேற்கே போனதும் புத்தகம் உடனே வந்துவிடவில்லை. புலம்பெயர்ந்த ரஷ்யர்களின் இதழ்களில் சில பகுதிகள் வந்தன, முழு நாவலையும் போடப் பதிப்பகங்கள் முன்வரவில்லை. படச்சுருள்களில் பல பக்கங்கள் தெளிவாக இல்லை. பாரிஸிலும் ஜெனீவாவிலும் இருந்த இரண்டு புலம்பெயர்ந்த அறிஞர்கள் சுருள்களை ஒப்பிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்துச் செம்மை செய்தார்கள். 1980ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்துச் சிறு பதிப்பகம் ஒன்று ரஷ்ய மொழியில் வெளியிட்டது. படிக்க முடியாத இடங்களை இடைவெளியாகவே விட்டிருந்தார்கள்.

சோவியத் நாட்டில் 1988ல் ‘ஒக்தியாபர்’ பத்திரிகையில் தொடராக வந்தது. சூஸ்லவ் சொன்னதாகச் சொல்லப்படும் கணக்கில் இன்னும் 174 வருஷமாவது பாக்கி இருந்தது. அதற்குப் பிறகுதான் மாணவத் தோழியிடம் இருந்த பிரதியும் வெளியே வந்தது. பிறகு மாஸ்கோவுக்கு வெளியே ஒரு சிறு ஊரில் இன்னொரு குடும்பத்தின் பொறுப்பில் அது இருந்தது. கிராஸ்மன் கைப்படத் திருத்திய பிரதி அது. அதை வைத்துத்தான் லொசான் பதிப்பின் இடைவெளிகளை நிரப்பினார்கள். கேஜிபி எடுத்துப்போனவற்றை அதன் வாரிசு அமைப்பு 2013ல்தான் அரசு இலக்கிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது. 52 வருஷம் அவற்றை யாரும் எரித்துவிடவில்லை, திருப்பித் தரவும் இல்லை.

நம் ஊரில் இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகக் குறைந்த விலைக்குக் கிடைத்த தமிழ் மொழிபெயர்ப்புகளில்தான் இரண்டு மூன்று தலைமுறை ரஷ்ய இலக்கியத்தைப் படித்தது. அந்தப் புத்தகங்கள் நமக்குக் கொடுத்தது பெரிய செல்வம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த அலமாரியில் எது இருக்கும், எது இருக்காது என்பதை முடிவு செய்ததும் இதே ஏற்பாடுதான். அந்தப் புத்தகங்களைக் காசு சேர்த்து வாங்கிப் படித்த காலத்தில் இந்த நாவல் ஒரு பூட்டிய அறையில் இருந்தது.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

‘ஸ்னாமியா’வுக்குக் கொடுத்ததே பெரிய தவறு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பாஸ்தர்நாக் மாதிரி முதலிலேயே வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்பது இன்று சொல்ல எளிது. ஸ்டாலின்கிராட் பற்றி எழுதியவர் அந்தச் சண்டையில் நின்றவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் விரும்புவார். தவறு கொடுத்ததில் இல்லை, எல்லாவற்றையும் கொடுத்த பிறகு ஒளித்து வைக்க நேரம் இருக்கும் என்று நினைத்திருந்தால் அதில் இருந்திருக்கும். நல்லவேளையாக அவர் முன்னாலேயே ஒளித்து வைத்தார்.

பிரதி வைத்திருந்தவர்களில் யார் பிடிபட்டார்கள் என்று பார்த்தால் பாடம் தெரிகிறது. உறவினர், தட்டச்சாளர், பத்திரிகை அலுவலகம். அரசு முதலில் நினைக்கும் இடங்கள் இவைதான். பிழைத்தவை இரண்டு. அதில் ஒன்றை வைத்திருந்தவர் இலக்கியக் கூட்டங்களுக்கே வராதவர். கவிஞர் நண்பரிடம் இருந்தது தப்பியதில் அதிர்ஷ்டமும் உண்டு, அவர் எழுத்தாளரின் நெருங்கிய நண்பர் என்பது ஊருக்கே தெரியும். இன்று ஏதோ ஒரு நாட்டில் இதே நிலையில் இருப்பவர், தன் நண்பர் வட்டத்துக்கு வெளியே ஒருவரைத் தேடுவது நல்லது. தட்டச்சு செய்பவரிடமோ, இன்றைய கணக்கில் கோப்பை அச்செடுத்துக் கொடுப்பவரிடமோ, எதுவும் மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

பத்து வருஷ மௌனம் புத்தகத்தைக் காத்தது. ஆனால் மௌனத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. வைத்திருப்பவருக்கு வயதாகும், வீடு மாறும், வாரிசுக்கு அந்தக் கட்டின் மதிப்பு தெரியாமல் போகலாம். மாணவத் தோழியிடம் இருந்த பிரதிக்கு இன்னொரு குடும்பம் பொறுப்பேற்றதால்தான் திருத்திய பிரதி நமக்குக் கிடைத்தது. வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அடுத்து யார் என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

படம் எடுத்தபோது மூலத்தாளோடு ஒப்பிட்டு, தெளிவாக விழாத பக்கங்களை அங்கேயே மறுபடி எடுத்திருந்தால் லொசான் பதிப்பில் இடைவெளிகள் குறைந்திருக்கும். ரகசியமாக, அவசரத்தில் செய்த வேலை அது, குறை சொல்லவில்லை. ஆனால் எல்லை தாண்டிய பிறகு வாங்கி, படித்து, பதிப்பகத்தின் கதவைத் தட்ட ஒரு ஆளை முன்பே அங்கே ஏற்பாடு செய்யாததால் போன வருஷங்களுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. அந்தப் பக்கம் தணிக்கை இல்லை. அங்கே நடந்தது வெறும் அசிரத்தை.

ஆசிரியர் குழுக்களில் உட்காருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட முடியாத பிரதி வந்தால், முடியாது என்று சொல்லி எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். குற்றப்பெயர் சூட்டாதீர்கள், கருத்துக் கேட்டு மேலே அனுப்பாதீர்கள், நகல் எடுத்து அலுவலகத்தில் வைக்காதீர்கள். 1960 டிசம்பரில் அந்த அறையில் இருந்தவர்களால் நாவலை வெளியிட முடிந்திருக்காது. திருப்பிக் கொடுக்க முடிந்திருக்கும்.